உறக்கமும் கல்வியே

தேர்வு நெருங்கும்போது உறக்கத்தைக் குறைப்பதே உழைப்பு என நெடுங்காலமாக நம்பி வருகிறோம். அந்நம்பிக்கை பிழையானது. பகலில் கற்றவை முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் தற்காலிகமாகத் தங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் அவை பெருமூளைப் புறணியில் படிப்படியாக நிலைபெறுகின்றன. உறக்கம் குறைந்தால் கற்றது நழுவும், கவனம் சிதறும், மறுநாள் புதியன கற்கும் ஆற்றலும் குன்றும்.

13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். ஆனால், வளரிளம் பருவத்தில் உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. எனவே, அப்பருவத்தினர் வைகறையில் எழ இயலாது தவிப்பதைச் சோம்பல் எனப் பழித்தல் தகாது. அஃது உடலின் இயல்பு. இதனை உணர்ந்தே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது எனச் சட்டம் இயற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. நாமோ விடியற்காலைச் சிறப்பு வகுப்புகளைப் பெருமையாகக் கருதுகிறோம்.

மாணவர்களே! அவ்வகுப்புகளின் நேரத்தை மாற்றுவது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. உறங்கும் வேளையில் கைப்பேசியை விலக்கி வைப்பது உங்கள் கடமை. இரண்டும் நிறைவேறினால்தான் படித்த பாடம் மனத்தில் நிற்கும்.