விரலுக்கு விலை என்ன?

பெங்களூரு மைசூர் சாலையின் டிம்பர் யார்டு லே-அவுட்டில் மரம் அறுபடும் சத்தம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. அதே மரம் கதவாகவும் ஜன்னலாகவும் மாறும் பட்டறைகளில் கேட்பது வேறு சத்தம். அது ஷேப்பரின் ரீங்காரம். மேசை நடுவே செங்குத்தாகச் சுழலும் ஒரு தண்டு, அதில் ஏற்றிய கட்டர். உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நாளெல்லாம் வெட்ட வேண்டிய காடியையும் நாக்கையும் அது நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

இயந்திரம் வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் பட்டறைக்காரர், கட்டர் வாங்கும்போது விலையை மட்டும் கேட்கிறார். வினை அங்கேதான் ஆரம்பம்.

மலிவானது பழைய பாணித் தலை. இரண்டு வளையங்களுக்கு நடுவே தகடுகளைச் செருகி, நட்டை முறுக்கி, இறுக்கத்தை நம்பி ஓட்டுவது. ஒரு தகடு நழுவினால் அது தோட்டா. ஐரோப்பாவின் இ.என். 847-1 தரவிதி இதற்கு மாற்றாக வேறொரு வகையைச் சொல்கிறது. கையால் மரம் தள்ளும் வேலைக்கான கட்டரில் 'எம்.ஏ.என்.' என்று பொறித்திருக்கும். அதன் பல், உடலைவிட 1.1 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்காது. மரத்தை ஒரேயடியாகக் கவ்வ முடியாததால், பலகை எகிறி அடிக்கும் வேகம் குறைகிறது. கை பட்டாலும் காயத்தின் ஆழம் குறையும். 'எம்.இ.சி.' என்றிருந்தால் அது இயந்திரமே மரத்தைத் தள்ளும் வேலைக்கு மட்டும்.

அடுத்தது வேகம். 125 மி.மீ. விட்டமுள்ள காடி கட்டர் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழன்றால், பல்லின் முனை விநாடிக்குச் சுமார் 46 மீட்டர் ஓடும். இது சரியான வேகம். பெல்ட்டை மாற்றாமல் அதே தண்டில் 250 மி.மீ. நாக்கு கட்டரை ஏற்றினால் 92 மீட்டர்! பொதுவான வரம்பு 40 முதல் 70 வரை. 4,000 சுற்றுக்கு இறக்கினால் 52 மீட்டர். கட்டர் மீது பொறித்த உச்சச் சுற்றை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது.

தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. பிளைவுட்டில் பசை. இரண்டும் சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு தாக்குப்பிடிக்கும். அதிலும் பற்றவைத்த கார்பைடைச் சாணை பிடிக்கப் பிடிக்க அளவு தேயும், நாக்கு காடியில் சரியாக உட்காராது. கழற்றி மாற்றும் பல் என்றால் அளவு அப்படியே நிற்கும். 6 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் சரியாக 6 இருப்பதில்லை என்பதால், இடையில் மெல்லிய வளையங்கள் போட்டு அகலம் கூட்டிக் குறைக்கும் இரட்டைக் கட்டரே காடிக்கு ஏற்றது.

நாக்குக்கு வேண்டியது இரண்டு வட்டுக் கட்டர்கள். நடுவில் போடும் வளையத்தின் கனமே நாக்கின் கனம். குறுக்கே வெட்டும்போது ஓரம் பிய்யாமலிருக்கப் பின்னால் ஒரு மரத்துண்டு வேண்டும். பலகையைக் கையால் பிடிக்காமல் நகரும் மேசையில் இறுக்க வேண்டும்.

1938இல் மைசூர் சமஸ்தானம் தொடங்கிய வன ஆய்வுக்கூடம்தான் இன்று மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். மரவேலை இயந்திரப் பயிற்சி அங்கேயே கிடைக்கிறது. கடைக்குப் போகுமுன் தண்டின் விட்டத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. 30 மி.மீ. தண்டில் ஒன்றேகால் அங்குலத் துளையுள்ள கட்டர் ஏறும், ஆனால் ஆடும்.

நல்ல கட்டரின் விலை பில்லைப் பார்த்ததும் உறைக்கும். விரலின் விலை பில்லில் வருவதில்லை.