இரு தேர்வுகளுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சி மாணவர்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தில், அதிகம் கவனிக்கப்படாத ஒரு சொற்றொடர் உள்ளது. இயற்கை அறிவியல், பொறியியல், சுற்றுச்சூழல், சுகாதாரம், வேளாண்மை ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிட்ட பின், கலை மற்றும் சமூகவியல் துறைகள் அறிவியல், தொழில்நுட்பத்துடன் சந்திக்கும் இடங்களையும் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டு வருகிறது. அந்தச் சந்திப்பில் நிற்கத் தகுதியுடையவர் யார், அவருக்கு எந்தக் கணக்கில் உதவித்தொகை என்பதற்கு விடை காண வேண்டியுள்ளது.

தொடக்கத்தில் நோக்கம் இதைவிட விரிவானதாக இருந்தது. கஸ்தூரிரங்கன் குழு 2019-ல் அளித்த வரைவுக் கல்விக் கொள்கை, அறிவியல், தொழில்நுட்பம், சமூக அறிவியல், கலைகள் என நான்கு பிரிவுகளுடன் ஓர் ஆராய்ச்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. 2020 கொள்கையும் எல்லாத் துறைகளையும் உள்ளடக்கியே பேசியது. மசோதாவாக வடிவெடுத்தபோது கலைத் துறைகள் வாசற்படி வரை மட்டுமே அனுமதிக்கப்பட்டன. மணிப்பூர் பிரச்னையில் அவைகள் கொந்தளித்திருந்த கூட்டத்தொடரில், ஆகஸ்ட் 4-ல் அறிமுகமான மசோதா 7-ஆம் தேதி மக்களவையிலும் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றிருந்தால் இந்தச் சுருக்கத்துக்கு விளக்கமாவது கிடைத்திருக்கும்.

சந்திப்பு என்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஹைதராபாத் நல்ல உதாரணம்.

ராஜீவ் சங்கல் உள்ளிட்டோர் பாணினியின் காரகக் கோட்பாட்டைக் கொண்டு இந்திய மொழிகளைக் கணினிக்குப் புரியவைக்கும் முறையை விளக்கி 1995-ல் நூல் வெளியிட்டனர். அவர் பின்னர் ஹைதராபாத் சர்வதேச தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 'அம்மா குழந்தையை அழைத்தாள்' என்றாலும் 'குழந்தையை அம்மா அழைத்தாள்' என்றாலும் தமிழில் பொருள் மாறாது. வேற்றுமை உருபு அதைக் காக்கிறது. சொல்வரிசையையே பெரிதும் நம்பும் ஆங்கில இலக்கணத்தை அடிப்படையாகக் கொண்ட முறைகள் இங்கே தடுமாறின. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய இலக்கணம் கைகொடுத்தது. அந்த நிறுவனத்தில் கணினிப் பொறியியல் பட்டத்தோடு கணினி மொழியியலில் ஆராய்ச்சி முதுநிலைப் பட்டமும் தரும் ஐந்தாண்டுப் படிப்பு பிளஸ் 2 முடித்தவர்களுக்கு உள்ளது.

அதே நகரில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) அனுபவம் இன்னும் கூர்மையானது. மையத்தின் விஞ்ஞானிகள் ஹார்வர்டு ஆய்வாளர்களுடன் இணைந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, 73 குழுக்களின் மரபணுவை ஒப்பிட்டது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்திய மக்களிடையே பரவலாகக் கலப்பு நிகழ்ந்ததாகவும், பின்னர் அகமண முறை இறுகியதாகவும் அது கூறியது. எப்போது என்பதை மரபணு சொல்கிறது. ஏன் என்பதைக் கல்வெட்டும் சாத்திர நூல்களும் அறிந்தவர்தான் ஆராய முடியும். வரலாற்றாசிரியர் உடனிராத இடத்தில், இத்தகைய முடிவுகள் ஆரியர்-திராவிடர் பட்டிமன்றத் தலைப்பாகச் சுருங்கிவிடுவதைப் பலமுறை பார்த்தாயிற்று.

இதில் உயிரும் சம்பந்தப்பட்டுள்ளது. வைசியர் சமூகத்தில் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை, சிசிஎம்பி பங்கேற்ற 2017 ஆய்வு ஒன்று அகமணத்தோடு தொடர்புபடுத்தியது. இக்குறைபாடு உள்ளவருக்கு மயக்க மருந்துடன் செலுத்தப்படும் ஒருவகைத் தசைத் தளர்வு மருந்து உரிய நேரத்தில் சிதையாது. மூச்சுத் தசைகள் மீண்டும் இயங்கத் தாமதமாகும். நாட்டில் இப்படி எத்தனையோ சிறு சமூகங்கள் உள்ளன. எந்தச் சமூகம் எந்த நூற்றாண்டில் பிரிந்தது, யாருடன் மண உறவு கொண்டது என்பதை அறிந்த ஆய்வாளர் மரபணுக் கூடத்தில் தேவைப்படுகிறார்.

ஆனால் அவரை உருவாக்கும் வழி குறுகலானது. இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகைக்கான நெட் தேர்வு இரண்டாகப் பிரிந்துள்ளது. வேதியியல், புவி அறிவியல், உயிரியல், கணிதம், இயற்பியல் என ஐந்து பாடங்கள் சி.எஸ்.ஐ.ஆர். வசம். வரலாறும் மொழியியலும் யு.ஜி.சி. பட்டியலில் உள்ளன. தொல்லியல், மானிடவியல் போன்ற எல்லைப் பாடங்கள் அப்பட்டியலில் இருப்பது ஓரளவு ஆறுதல். எனினும் ஒரு பாடத்தைத் தேர்ந்து அதற்குள்ளேயே தேர்வெழுத வேண்டும். 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 என உயர்த்தப்பட்ட தொகையில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை, சிக்கல் நுழைவாயிலில்தான். இரண்டாவது துறையைக் கற்கச் சில ஆண்டுகள் கூடுதலாகச் செலவிடுபவரை, யு.ஜி.சி. உதவித்தொகைக்கான பொதுப் பிரிவு வயது வரம்பான 30 துரத்துகிறது. 2018-ல் அறிவிக்கப்பட்ட, ரூ. 70,000-ல் தொடங்கும் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகையோ அறிவியல், தொழில்நுட்பத்துக்கானது.

2025 பிப்ரவரி 1-ல் தாக்கலான பட்ஜெட் உரையில், ஐஐடிகளிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டுகளில் 10,000 உதவித்தொகைகள் அறிவிக்கப்பட்டன. ஒரு கோடிக்கும் அதிகமான சுவடிகளை ஆவணப்படுத்திப் பாதுகாக்கும் 'ஞான பாரதம்' இயக்கமும் அதே உரையில் இடம்பெற்றது. சுவடியைப் படம்பிடிக்கும் முறையும் அதன் எழுத்தும் ஒருசேரத் தெரிந்தவர் இவ்விரண்டில் எதற்கு விண்ணப்பிப்பது என்பது உரையில் இல்லை.

அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ. 50,000 கோடி திரட்டுவதாகச் சொல்லப்பட்டபோது, அதில் ரூ. 36,000 கோடி அரசு சாராத வழிகளில் எதிர்பார்க்கப்பட்டது. தனியார் பணம் ஓலைச்சுவடியைத் தானாகத் தேடி வரும் என நம்பக் காரணமில்லை. ஆனால் இதற்காகச் சட்டத்தைத் திருத்தவும் தேவையில்லை. மொழியியலோ வரலாறோ படித்தவர் உதவியாளராக அல்லாமல் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கலாம் என்று தகுதி விதியில் ஒரு வரி போதும். அறக்கட்டளை நிர்வாகக் குழுவின் தலைவர் பிரதமர்; துணைத் தலைவர்கள் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரும் கல்வி அமைச்சரும்.