தும்பாங் போன கதை



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. என்னிடம் படித்துப்போன பையன்கள் இருவர் வந்து, "சார், கூடாரம் போட எந்தத் தீவு நல்லது?" என்று கேட்டார்கள். "அப்பாவிடம் சொல்லியாயிற்றா?" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை!

1999-ஆம் ஆண்டு. எனக்கு இருபது வயது. பிரிக்பீல்ட்ஸில் நண்பன் வீட்டில் தங்கிப் படிக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்த நண்பனோடு கேரித் தீவுக்குக் கிளம்பினேன். கிள்ளான் வரை பஸ். அதன்பின் யார் ஏற்றிக்கொள்கிறார்களோ அவர்களோடு தும்பாங். தெலுக் பங்லிமா காராங் சாலையில் ஓர் உர லாரி நின்றது. மலாய்க்கார ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் பின்னால் ஏறச் சொன்னார். மூட்டைமேல் உட்கார்ந்து போனபோது நாங்கள்தான் ராஜா!

கேரித் தீவு என்றதும் வெள்ளை மணலை நினைக்காதீர்கள். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற துரையின் பெயரைத் தாங்கிய தோட்டத் தீவு அது. லங்காட் ஆறு அதைப் பிரிக்கிறது. மரத்தில் முகமூடி செதுக்கும் மாமெரி பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மற்றபடி செம்பனையும் சேறும்தான். தாழ்வான நிலம். கடல் பெருகினால் உள்ளே வராதிருக்க மண்கரை கட்டியிருக்கிறார்கள், பண்டு என்பார்கள்.

இரவு பத்து மணிக்குமேல், காற்று வாங்கலாமென்று பண்டுக்கு வெளியே கூடாரம் போட்டோம். தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது. கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும், பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கூடுதலாக ஏறும் என்பதெல்லாம் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள் நாங்கள். அன்று பௌர்ணமி. நிலா அழகாயிருக்கிறதே என்று மகிழ்ந்து தூங்கிவிட்டோம்!

விடியற்காலை முதுகு நனைந்தது. எழுந்தால் ரொட்டிப் பை மிதக்கிறது. பண்டின்மேல் ஏறி நடுங்கிக்கொண்டு நின்றோம். பழம் வெட்டப் புறப்பட்ட பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"பண்டுக்கு வெளியேயா படுத்தீங்க? படிச்ச புள்ளைங்கதானே?"

வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி கைலியும் சுடச்சுடக் கோப்பியும் கொடுத்தார். "எந்தத் தோட்டம்? யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டார் பெரியவர். அப்பா பெயரைச் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன மங்கு அப்படியே நின்றது. இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்களாம். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது திசைக்கொருவராய்ப் போனவர்களாம்.

"நான் இங்கதான் இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லுய்யா. ஒரு தடவ வரச் சொல்லு."

நான் சொல்லவில்லை. சொன்னால் பிரிக்பீல்ட்ஸ் பொய் வெளிப்பட்டுவிடுமே! தீபாவளிக்குச் சொல்லலாம், வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். 2002-இல் அப்பா காலமானார். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தத் தீவு ஒரு மணி நேரப் பயணம்தான்.

பையன்களுக்குக் கேரித் தீவையே சொன்னேன். கடல் ஏறும் நேரத்தை எழுதிக் கொடுத்து, தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்கவும் சொன்னேன். முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினேன். நேற்று அவர்களில் ஒருவனின் அப்பா என்னைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சார், அந்தக் கூடாரத்துல மூணு பேர் படுக்கலாமா?" என்றார்.