சுவரைப் படிப்பவர் யார்?

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' 1945 ஆகஸ்டிலே லண்டனில் வெளிவந்த சிறு நூல். ஒரு மாலைப் பொழுதிலே படித்துவிடலாம். ஆனால், அதைப் பற்றி முழங்குவோரிலே பாதிப்பேர் படிக்காமலே முழங்குகிறார்களோ என்று நாம் ஐயுறுகிறோம்.

"பார்த்தீர்களா, புரட்சி செய்தால் பன்றிதான் ஆளும்!" என்று சீமான்கள் கைகொட்டுகிறார்கள். குடிகாரப் பண்ணையார் ஜோன்ஸ் தீனி போட மறந்ததாலன்றோ அங்கே கலகம் வெடித்தது? பசியிலே பிறந்த புரட்சி அது. அதைப் பழிக்க நமக்கு நா எழாது. ஆர்வெலுக்கும் எழவில்லை. பிராங்கோவின் படையை எதிர்த்து ஸ்பெயின் களத்திலே நின்று, 1937-ல் தொண்டையிலே குண்டு பாய்ந்தவர் அவர். அவரையா உழைப்பாளர் பகைவர் என்பது?

தோழர்களே, துரோகம் எங்கே தொடங்கிற்று? நாய்களை ஏவிப் பனிப்பந்து என்ற பன்றியை நெப்போலியன் விரட்டிய நாளிலா? இல்லை. அதற்கு வெகு முன்பே, ஐந்து வாளிப் பாலிலே! காலையிலே கறந்த பால், அறுவடை முடித்து மாலையிலே திரும்பியபோது இல்லை. பன்றிகளின் தொட்டிக்குப் போயிற்று. பிறகு ஆப்பிளும் போயிற்று. கேட்டதற்கு, ஸ்குவீலர் என்ற பிரசாரப் பன்றி வந்து சமாதானம் சொல்லிற்று: மூளை உழைப்புக்குப் பால் தேவையாம், பன்றிகள் தளர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவானாம்! அவ்வளவுதான், வாய்கள் மூடிக்கொண்டன. கதையின் திருப்பம் அந்தப் பாலும் ஆப்பிளுந்தான், அன்றே மற்றவை எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று 1946-ல் கடிதமொன்றிலே ஆர்வெலே விளக்கினார்.

பகைவனைக் காட்டிப் பங்கைச் சுருட்டும் வித்தை இது. பிறகு சுவரிலே இருந்த ஏழு கட்டளைகளுக்கு இரவோடு இரவாக ஒட்டு வேலை நடந்தது. கட்டிலிலே படுக்கலாகாது என்ற விதியிலே, விரிப்பைப் பற்றி இரண்டொரு சொல் கூடிற்று. மது விலக்கு, அளவுக்கு மீறிய மதுவின் விலக்காயிற்று.

மாஸ்கோவிலே நடந்ததும் இதுவே. 1920 மே 5 அன்று லெனின் பேசிய மேடையின் படிக்கட்டிலே டிராட்ஸ்கி நின்றார். ஸ்டாலின் காலத்துப் படத்திலே படிக்கட்டு மட்டும் நின்றது! மேடையிலிருந்து மறைந்தவர் 1940-ல் மெக்சிகோவிலே உயிரையும் இழந்தார்.

ஆனால், அழிக்கும் தூரிகை கிரெம்ளினுக்கு மட்டும் சொந்தமன்று. இக்கதை 1954-ல் கார்ட்டூன் படமாயிற்று. பணம் அமெரிக்க உளவுத்துறையின் ரகசியப் பணம். நூலின் முடிவிலே, பன்றிகளும் பண்ணையார்களும் ஒரே மேசையிலே குடித்துச் சீட்டாட, எது பன்றி முகம் எது மனித முகம் என்று தெரியாமல் வெளியே விலங்குகள் திகைக்கின்றன. படத்திலோ பண்ணையார்களைக் காணோம்! பன்றிகள் மட்டுமே குற்றவாளிகள். எழுத்தை மாற்றுவதைக் கண்டித்த கதைக்கே எழுத்து மாற்றினார்கள், பாவிகள்.

கட்சி ஏடு நடத்தும் நாமும் தூரிகை பிடித்தவர்களே. ஆகவே தயங்காமல் சொல்கிறோம்: சென்ற மாநாட்டுத் தீர்மானத்தையும் இந்த மாநாட்டுத் தீர்மானத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சங்கத்தின் வரவு செலவைக் கேளுங்கள். கேட்பவனைத் துரோகி என்று எவராவது சாடினால், பால் வாளி எங்கே என்று கேளுங்கள்.

பாக்ஸர் என்ற குதிரை கேட்கவில்லை. பண்ணையிலேயே மிகுதியாக உழைத்த ஜீவன் அது. நான்கு எழுத்துக்கு மேல் அதற்கு ஏறவில்லை. தலைவர் சொன்னால் சரி என்றே நம்பிற்று. பெஞ்சமின் கழுதைக்கோ நன்றாகப் படிக்கத் தெரியும்; படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒதுங்கியே இருந்தது. காற்றாலைக்குக் கல் இழுத்து இழுத்துப் பாக்ஸர் சாய்ந்தது. மருத்துவமனைக்கென்று வண்டி வந்தது. மற்றவை கையசைக்காத குறையாக வழியனுப்ப, அன்றுதான் பெஞ்சமின் கதறிக்கொண்டு ஓடிவந்து, வண்டியின் பக்கவாட்டிலே எழுதியிருந்ததை உரக்கப் படித்தது: குதிரைகளை அறுத்துப் பசை காய்ச்சுபவனின் பெயர்! அதற்குள் வண்டி வாசலைக் கடந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஸ்குவீலர் கண்ணீரோடு இரங்கல் உரைத்தது. சில நாள் கழித்துப் பன்றிகளின் மாளிகைக்கு ஒரு மரப்பெட்டி வந்து இறங்கிற்று, உள்ளே விஸ்கி.