கூந்தன்குளத்துக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் அனுப்புங்க சார்

2021 ஜனவரியில் எங்க மயூர் விஹார் ஃபேஸ் 3 பார்க்கில் காக்காய்கள் செத்து விழுந்தது செய்தியில் வந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பக்கத்திலேயே சஞ்சய் ஏரியில் வாத்துக்கள் செத்தன. சாம்பிள் எடுத்து அனுப்பினார்கள், பறவைக் காய்ச்சல்னு ரிசல்ட் வந்தது. ஏரியில் மிச்சமிருந்த வாத்துக்களையும் கொன்று புதைத்தார்கள். காஜிப்பூர் கோழி மார்க்கெட்டை இழுத்து மூடினார்கள். (அங்கே எடுத்த சாம்பிளில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து பிறகு திறந்தார்கள். அதற்குள் வியாபாரிகளுக்கு விழுந்த அடி விழுந்ததுதான்.)

அந்த வாரம் முழுக்க லிஃப்டிலும் பால் பூத்திலும் ஒரே டயலாக்: "எல்லாம் வெளியூர்ப் பறவைங்க கொண்டு வர்றது சார்." சைபீரியாவிலிருந்து வருதாம், மங்கோலியாவிலிருந்து வருதாம். பாஸ்போர்ட் இல்லாமல் வருகிறவன் மேல் சந்தேகம் விழுவது டெல்லிக்குப் புதுசா என்ன?

விஷயத்துக்கு வருவோம். பறவையின் முதுகில் சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டி, சேட்டிலைட் வழியாக அது எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள் இல்லையா, அதற்கு இந்தியாவில் பணம் எப்போதெல்லாம் வந்தது என்று பார்த்தால் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நோய்ப் பயம் வந்தால் பணம் வரும். பயம் போனால் பணமும் போகும்.

1957-இல் கர்நாடகாவில், ஷிமோகா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் ஒரு வைரஸின் சாயலில் இருந்தது. அப்போ வலசைப் பறவைகள்தான் உண்ணியோடு சேர்த்துக் கொண்டு வந்தனவோ? இந்தச் சந்தேகத்தில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, 1959 வாக்கில், சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கியது. நம்ம கோடியக்கரைக்கும் அந்த வளையப் பணியில் முக்கியமான இடம் உண்டு. பறவைகள்தான் குற்றவாளி என்று உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தின் புண்ணியத்தில் நமக்கு வலசை பற்றிய அறிவு கிடைத்தது.

வளையத்தில் ஒரு கஷ்டம். பறவை மறுபடியும் யார் கையிலாவது சிக்க வேண்டும், அவர் வளையத்தைப் படித்துக் கடிதம் போட வேண்டும். பேங்க் பாஷையில் சொன்னால் டெபாசிட் தேதி தெரியும், வித்டிராயல் தேதி எப்போதாவது தெரியும். நடுவில் என்ன நடந்ததென்று எண்ட்ரியே கிடையாது. சேட்டிலைட் வந்த பிறகுதான் பாஸ்புக் வரிவரியாகப் பதிவாக ஆரம்பித்தது.

எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு வடதுருவத்துக் கடல் வாத்து ஒன்றைச் சொல்லலாம். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி இருப்பதால் அதற்குக் கண்ணாடி ஈடர் என்று பெயர். கோடையில் அலாஸ்காவிலும் ரஷ்யாவிலும் முட்டையிடும். குளிர்காலத்தில் எங்கே போகிறது? 1995 வரை யாருக்கும் தெரியாது. டிரான்ஸ்மிட்டர் வைத்த பறவையிடமிருந்து வந்த சிக்னலைத் துரத்திக்கொண்டு விமானத்தில் போனார்கள். பெரிங் கடலின் உறைபனி நடுவே, தண்ணீர் தெரியும் இடைவெளிகளில் லட்சத்துக்கும் மேலான வாத்துக்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு இனத்தின் குளிர்கால விலாசத்தையே ஒரு சிக்னல் காட்டிக் கொடுத்துவிட்டது.

நம்ம கதைக்கு வருகிறேன். 2005 மே மாதம் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 6,000-க்கும் மேற்பட்ட பறவைகள் பறவைக் காய்ச்சலில் செத்தன. அதிகம் செத்தது பட்டைத்தலை வாத்து. உடனே உலகம் முழுக்க அலறல். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனமும் அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறையும் வலசைப் பறவைகளுக்கு டிரான்ஸ்மிட்டர் மாட்டும் வேலையில் இறங்கினார்கள். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் இருக்கும் கூந்தன்குளத்திலும் பட்டைத்தலை வாத்துக்களைப் பிடித்துக் கட்டினார்கள். அக்யூஸ்ட் முதுகில் மெஷினைக் கட்டி ஊருக்கு அனுப்பியாச்சு!

நோய் விஷயத்தில் பதில் கறுப்பு வெள்ளையாக வரவில்லை. காட்டுப் பறவைக்கும் பங்கு உண்டு, கோழி வியாபாரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் போகிற போக்கில் கிடைத்தது பொக்கிஷம். 2011-இல் வந்த ஆய்வு, இவை இமயமலையைச் சுமார் எட்டு மணி நேரத்தில் ஏறிக் கடக்கின்றன என்றது. அதுவும் பகலில் மலையேறும் காற்றின் முதுகில் சவாரி செய்து அல்ல. காற்று அடங்கிய இரவிலும் விடிகாலையிலும், சொந்தச் சிறகை அடித்து. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், பறப்பது சுலபம் என்பது விளக்கம். எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும் என்ற பழைய கதைக்கு டேட்டா ஒத்து வரவில்லை. பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர், பெரும்பாலான நேரம் 5,500 மீட்டருக்குக் கீழேதான். கணவாய் பார்த்துப் போகிற கெட்டிக்காரத்தனம். எனக்கு இந்த உண்மைதான் கதையைவிடப் பிடித்திருக்கிறது.

இப்போ என் பிராது. பி.காம் படித்தவன், வேறு எப்படி யோசிப்பேன்? பயத்தில் வரும் பணம் ஒரு புராஜெக்ட் முடிந்ததும் நின்றுவிடும். ஆடிட் என்பது ஃபிராடு நடந்த பிறகு மட்டும் செய்வதில்லை, வருஷா வருஷம் செய்வது. பறவைத் தடமும் அப்படித்தான் ரெகுலர் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். ஒரு ஏரி வற்றினால் அடுத்த வருஷமே அந்தப் பறவை எங்கே ஒதுங்கியது என்று தெரிய வேண்டும்.

"வாத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக் கடன் டெஸ்க் பக்கம் இருந்தவனுக்குத் தெரியாமலா! வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் யமுனையில் ஓக்லா பறவைகள் சரணாலயம். 2013 அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம், சரணாலயத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் கட்டிய நொய்டா ஃபிளாட்டுகளுக்குக் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் தரக்கூடாது என்றது. இ.எம்.ஐ. ஓடுகிறது, கூடவே வாடகையும் ஓடுகிறது, சாவி வரவில்லை. மனிதர்கள் பறவையைத் திட்டிய திட்டு எழுதத் தரமாட்டேன். கடைசியில் 2015 ஆகஸ்டில் மத்திய அரசு எல்லையை அறிவித்தது: மூன்று பக்கமும் 100 மீட்டர், வடக்கே மட்டும் 1.27 கி.மீ. வரை. பத்து கிலோமீட்டர் எங்கே, நூறு மீட்டர் எங்கே? இரண்டுமே குத்துமதிப்பு. ஓக்லாவில் இறங்கும் ஊசிவால் வாத்து ராத்திரி இரை தேட எங்கே போகிறது, எந்தப் பக்கத்து நீரும் வயலும் அதற்கு வேண்டும் என்று தடம் பார்த்து எல்லை போட்டிருந்தால், வீடு வாங்கினவனுக்கும் நிம்மதி, வாத்துக்கும் நிம்மதி. செக்யூரிட்டியை நேரில் பார்க்காமல் லோன் கொடுத்தால் எங்களைச் சும்மா விடுவார்களா?

இரண்டாவது பிராது இதைவிடப் பெரிசு. சேட்டிலைட்டுக்குப் போன தகவல் கிராமத்துக்குத் திரும்பி வர வேண்டும். இதைச் செய்து காட்டியது நாகாலாந்து. 2012-இல் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை வலை கட்டிப் பிடித்துக் கொன்றார்கள், ஒரு சீசனில் லட்சத்துக்கும் மேல். அடுத்த வருஷம் பாங்டி கிராமத்தாரே வலையைக் கழற்றிவிட்டார்கள். 2013 நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் மூன்று பறவைகளுக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டி நாகா, வோகா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். டிரான்ஸ்மிட்டர் 5 கிராம்தான், பறவையே 150 கிராம் சொச்சம். நம்ம ஊர்ப் பெயர் அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது என்றால் யாருக்குத்தான் வில்லெடுக்க மனசு வரும்? (வந்தது. 2018-இல் மணிப்பூரில் கட்டிய 'மணிப்பூர்' என்ற வல்லூறைச் சில நாளிலேயே சுட்டுவிட்டார்கள். செத்தது தெரிந்ததே டிரான்ஸ்மிட்டரால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) அதே தமெங்லாங்கில் 2025 நவம்பரில் கட்டிய 'அபாபாங்', மூணு நாள் சொச்சத்தில் 3,000 கி.மீ.க்கு மேல் பறந்தது. ஸ்கோர் பார்ப்பது போல ஜனங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூந்தன்குளத்துக்காரர்களை யாரும் திருத்த வேண்டிய அவசியமே இருந்ததில்லை. 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அவர்கள் பறவைகளைக் காத்தவர்கள். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள், தீபாவளிக்கு வெடி கிடையாது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. அவர்கள் குளத்தில் நீந்திய வாத்து இமயமலையை எப்படித் தாண்டியது என்பது ஆங்கில ஆய்விதழ்களில் விலாவாரியாக இருக்கிறது. எங்க பேங்கில் நூறு ரூபாய் போட்டு வைத்த பாட்டிக்கும் கேட்டால் ஸ்டேட்மெண்ட் கொடுத்தாக வேண்டும். அந்த ஊருக்கும் ஒன்று, தமிழில், வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டாமா?

செலவு ரொம்ப இல்லை. அடுத்த முறை கட்டும் வாத்து ஒன்றுக்குக் கூந்தன்குளம் என்று பெயர் வையுங்கள், இன்னொன்றுக்குப் பக்கத்துக் காடன்குளம். பள்ளிக்கூடச் சுவரில் திருநெல்வேலியிலிருந்து மங்கோலியா வரை ஒரு வரைபடம் வரையுங்கள். பங்குனி சித்திரையில் கிளம்பும் வாத்து இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று ஆறாம் கிளாஸ் பிள்ளை ஒரு கலர் சாக்பீஸால் தினம் புள்ளி வைக்கட்டும். சாக்பீஸ் டப்பாவுக்கு நான் பணம் அனுப்புகிறேன்.