எதிர்பாராத மகிழ்ச்சி: ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் த ஃபேன்டஸம்’ குறித்துச் சில எண்ணங்கள்

சாகச நாயகர்களின் தோற்றக் கதைகள் பெரும்பாலும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை. இவனுக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? சிலந்தி கடித்தது, வேற்றுக் கோளிலிருந்து வந்து விழுந்தான், ஆய்வுக்கூடத்தில் விபத்து நேர்ந்தது என்று விடைகள் மாறலாம், கேள்வி மாறுவதில்லை. விடை கிடைத்ததும் கதை முடிந்து சண்டை தொடங்கிவிடும். அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தாமல், ‘இவன் உண்மையில் வேறு என்னவாக ஆக விரும்பினான்?’ என்று கேட்ட தோற்றக் கதை ஒன்று உண்டு. 1993 டிசம்பர் 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் த ஃபேன்டஸம்’ அது. எண்பது நிமிடங்கள்கூட ஓடாத அனிமேஷன் படம். குழந்தைகளுக்கான ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்தது. பேட்மேனை வைத்து எடுக்கப்பட்ட படங்களில் இலக்கிய வாசகன் உட்கார்ந்து விவாதிக்கத் தகுதியான முதல் படம் இதுதான் என்பது என் கட்சி.

அந்தத் தொடர் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’. 1992 செப்டம்பரில் ஃபாக்ஸ் கிட்ஸ் ஒளிபரப்பில் தொடங்கியது. அதை உருவாக்கிய புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி இருவருமே படத்தையும் இயக்கினார்கள். ரடோம்ஸ்கி பின்னணி ஓவியங்களை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வரையச் செய்தார். அதனால் காதம் நகரம் இருட்டிலிருந்தே எழுகிறது. வெளிச்சம்தான் அதன் மேல் பின்னால் பூசப்படுகிறது. காலையில் எழுந்து பால் குடித்துக்கொண்டே கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளுக்கு இப்படியொரு நகரத்தைக் காட்டலாம் என்று அவர்கள் நம்பியதே பெரிய விஷயம்.

படம் முதலில் நேரடியாக வீடியோவில் வெளியிடுவதற்காகவே திட்டமிடப்பட்டது. தயாரிப்பு நடந்துகொண்டிருந்தபோது வார்னர் நிறுவனம் மனம் மாறி, அதைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவர முடிவுசெய்தது. போதிய விளம்பரம் இல்லை. செலவு சுமார் 60 லட்சம் டாலர். திரையரங்கு வசூல் அதையும் எட்டவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற விமர்சகர்களான சிஸ்கலும் ஈபர்ட்டும்கூடத் திரையரங்கில் அதைத் தவறவிட்டு, பின்னர் வீடியோவில் பார்த்துப் பாராட்டினார்கள். பிள்ளைகளின் தொடர் என்ற முத்திரையைக் கடந்து பெரியவர்கள் அதனிடம் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின.

கதையின் முடிச்சைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே கொண்டுசெல்ல இயலாது. இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

காதம் நகரத்தின் முதிய குற்றக்கும்பல் தலைவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கொல்வது புகைக்குள்ளிருந்து தோன்றும், மண்டையோட்டு முகமூடி அணிந்த ஓர் உருவம். பழி பேட்மேன் மேல் விழுகிறது. அதே நாட்களில், பத்தாண்டுகளுக்கு முன்பு புரூஸ் வெய்னை விட்டுச் சென்ற ஆன்ட்ரியா போமான்ட் நகரத்துக்குத் திரும்பி வருகிறாள். படம் அன்றும் இன்றுமாக மாறி மாறிச் செல்கிறது. நிகழ்காலத்தில் ஒரு துப்பறியும் கதை. கடந்த காலத்தில் ஒரு காதல் கதை. துப்பு துலங்கத் துலங்கத் தெரியவருவது அந்தக் காதலின் முடிவுதான்.

பேட்மேனின் தோற்றம் என்றதும் நாம் எதிர்பார்ப்பது ஒரே காட்சியை. இரவு, சந்து, துப்பாக்கி, பெற்றோரின் உடல்கள், மண்டியிட்ட சிறுவன். அது 1939 நவம்பர் மாத ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது. அதன்பின் எத்தனை முறை வரையப்பட்டது, படமாக்கப்பட்டது என்பதற்குக் கணக்கில்லை. தோற்றத்தைச் சொல்ல வந்த இந்தப் படத்தில் அந்தக் காட்சி கிடையாது. குழந்தைகளுக்கான ஒளிபரப்பில் குருதிக்கும் கொலைக்கும் கடுமையான வரம்புகள் இருந்தன. அந்தப் பள்ளியில் பயின்றவர்களுக்குக் காட்டாமல் சொல்லும் பழக்கம் கைவந்திருந்தது. பெற்றோர் இங்கே ஓர் ஓவியமாகவும் ஒரு கல்லறையாகவும் மட்டுமே இருக்கிறார்கள். கொலையை விலக்கிவிட்டதால், கொலைக்குப் பின் எஞ்சியிருந்த வாழ்வைப் பேசப் படத்துக்கு இடம் கிடைக்கிறது.

இளைஞன் புரூஸ் ஆன்ட்ரியாவைச் சந்திக்கும் இடமே இடுகாடு. அவன் தன் பெற்றோரின் கல்லறை முன் நிற்கிறான்; அவள் சற்றுத் தொலைவில் இறந்துபோன தன் தாயோடு உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் பொதுவாக இருப்பது மரித்தவர்களோடான உறவு. அவளோ அதைச் சிரிப்போடு வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். அவனுக்கு அது சூளுரையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. குற்றத்தை எதிர்ப்பதிலேயே வாழ்வைச் செலவிடுவதாக அவன் மாண்டவர்களுக்கு வாக்குக் கொடுத்தவன்.

அவன் இன்னும் பேட்மேன் ஆகவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு இரவில் திருடர்களைத் தடுக்கப் போகிறான். அவர்கள் அவனைக் கண்டு அஞ்சவில்லை என்பதே அவன் குறை. பிறகொரு நாள், ஆன்ட்ரியாவோடு இருக்கும்போது கண்முன் ஒரு வழிப்பறி நடக்கிறது. பாய்ந்து சண்டையிடுகிறான். நடுவில் ஒரு நொடி திரும்பி அவளைப் பார்க்கிறான்; அந்த நொடியில் அடி விழுகிறது. வீட்டில் தனக்காகக் காத்திருக்க ஓர் ஆள் இருக்கும்போது உயிரைப் பணயம் வைக்க முடியாது என்பதை அவன் அங்கே அறிந்துகொள்கிறான்.

அடுத்து வருவது மழை பெய்யும் கல்லறைக் காட்சி. சாகசப் படங்களில் இதற்கு இணையான இன்னொன்றை நான் கண்டதில்லை. புரூஸ் பெற்றோரின் கல்லறை முன் மண்டியிட்டு மன்றாடுகிறான். வாக்கை மீற அவன் அனுமதி கேட்கிறான். நகரத்துக்குப் பணம் கொடுக்கிறேன், வேறு வழிகளில் உதவுகிறேன், அது போதாதா என்று பேரம் பேசுகிறான். முன்போல் இப்போது வலிக்கவில்லை என்பதைக் குற்ற உணர்வோடு ஒப்புக்கொள்கிறான். தான் மகிழ்ச்சியாக இருக்க நேரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கவில்லை என்கிறான். அண்மையில் உறவினரை இழந்து, சில மாதங்கள் கழித்து முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்த எவருக்கும் அந்தக் குற்ற உணர்வு தெரியும். துயரம் குறைவதை இறந்தவருக்குச் செய்யும் துரோகமாக எண்ணும் மனம் அது. 2022இல் மறைந்த கெவின் கான்ராயின் குரல் இந்தக் காட்சியில் கனத்த பேட்மேன் குரலை முழுக்கக் கைவிட்டு, உடைந்த ஓர் இளைஞனின் குரலாக ஒலிக்கிறது.

கல்லறைகள் பதில் சொல்வதில்லை. மாறாக, ஆன்ட்ரியா வந்து நிற்கிறாள். அவளையே பதிலாக அவன் எடுத்துக்கொள்கிறான்.

இந்த இடத்தில்தான் வழக்கமான வாசிப்பிலிருந்து நாம் விலக வேண்டும் என்று நினைக்கிறேன். கடமைக்காகக் காதலைத் துறந்தவன் என்றே பேட்மேனைச் சொல்வது மரபு. இந்தப் படத்தில் அவன் அப்படிச் செய்யவில்லை. காதலுக்காகக் கடமையைத் துறக்கிறான். மணம் செய்துகொள்ள அவளிடம் கேட்கிறான், அவளும் இசைகிறாள். அந்த நேரத்தில் மாளிகைக்கு அடியிலுள்ள குகையிலிருந்து வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பி வானை மறைக்கின்றன. பின்னர் ஒரு நாள், மோதிரம் ஒரு கடிதத்தோடு திரும்பி வருகிறது. ஆன்ட்ரியா தந்தையோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டாள், உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. அதன் பிறகே புரூஸ் அந்த முகமூடியை எடுத்து அணிகிறான். பின்னணியில் நிற்கும் ஆல்ஃபிரட் அதைக் கண்டு திகைத்துக் கடவுளை அழைக்கிறார். பிறந்ததிலிருந்து வளர்த்த பிள்ளை கண்ணெதிரே காணாமல் போவதைப் பார்க்கும் மனிதரின் திகைப்பு அது. படத்தில் எவரும் அந்த நொடியைக் கொண்டாடுவதில்லை.

சூளுரையைப் பாடிய நெடிய மரபு நம்முடையது. பீஷ்மன் ஒருவனே போதும். சந்ததி அற்றுப்போகும் நிலையில் சத்தியவதியே கேட்டும் அவன் தன் விரதத்தை விடவில்லை, அதற்காகவே போற்றப்படுகிறான். புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி என்று ஒரு துறையே இருக்கிறது. புறநானூற்றின் 71ஆம் பாடலில், பகைவரைப் போரில் அலறப் புறங்காணேனாயின் இன்னின்ன இழிவுகள் எனக்கு நேர்க என்று ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் சூளுரைக்கிறான். அவன் பட்டியலில் முதலில் வருவது, உடன் வாழும் மனைவியை நான் பிரிவேனாக என்பது. கொடுங்கோலனாவதும் நண்பர்களை இழப்பதும் அதன் பின்னரே வருகின்றன. வஞ்சினம் தவறினால் காதலை இழப்பேன் என்கிறான் பாண்டியன். அவனுக்கு வஞ்சினமும் மனைவியும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஒன்றைக் காத்தால் மற்றொன்றும் காக்கப்படும். புரூஸ் வெய்னுக்கு இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. அவன் காதலின் பக்கம் சாய்ந்தும் காதல் கிட்டவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் வஞ்சினத்துக்குத் திரும்புகிறான். அவனை வீரன் என்பதைவிட, வாழ்விலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் என்பதே பொருந்தும்.

இதன் மறுபாதி ஆன்ட்ரியா. அவள் தந்தை கார்ல் போமான்ட் குற்றக்கும்பலிடம் பணச் சிக்கலில் மாட்டியவர். ஓடியது அதனால்தான். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றும் பயனில்லாமல் அயல்நாட்டில் கொல்லப்படுகிறார்; கொன்றவன் பிற்காலத்தில் ஜோக்கர் ஆகப்போகும் அடியாள். மண்டையோட்டு முகமூடிக்குப் பின்னால் இருப்பது ஆன்ட்ரியா. 1987இல் மைக் பார் எழுதிய ‘பேட்மேன்: இயர் டூ’ காமிக்ஸில் புரூஸின் காதலியுடைய தந்தையே முகமூடிக் கொலைகாரர். அதைப் படித்தவர்கள் இங்கும் தந்தையையே சந்தேகிப்பார்கள்; படமும் அவர்களை அந்த வழியிலேயே நடத்திச் சென்று கடைசியில் திரையை விலக்குகிறது. இதைத் திடீர்த் திருப்பம் என்று மட்டும் கொண்டால் அதன் கனம் பிடிபடாது. ஒரே இழப்பு, ஒரே வயது, ஒரே முகமூடி. ஒருவன் கொல்ல மறுத்தான், ஒருத்தி கொன்றாள். முடிவில் ஆல்ஃபிரட் புரூஸிடம் சொல்வது இதைத்தான்: பழிவாங்கும் எண்ணம் ஆன்மாவைக் கறுக்கவைக்கும், நீ அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றாய், அவள் விழுந்துவிட்டாள்.

காதலர்கள் ஒருமுறை உலகப் பொருட்காட்சிக்குப் போகிறார்கள். எதிர்காலத்தின் வீடு, எதிர்காலத்தின் கார் என்று எல்லாம் பளபளக்கின்றன. நிகழ்காலத்தில் அந்தப் பொருட்காட்சி துருப்பிடித்த இடிபாடு, ஜோக்கரின் ஒளிவிடம். இறுதிச் சண்டை அங்கேதான் நடக்கிறது. நிறைவேறாமல் போன ஓர் எதிர்காலத்தின் பொம்மைகளுக்கு நடுவே அவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இந்தப் படிமத்தைப் படம் எந்த இடத்திலும் விளக்குவதில்லை. ஒரு சிறுகதையாசிரியனுக்கு இருக்க வேண்டிய அடக்கம் அது. ஷெர்லி வாக்கரின் இசையும் அப்படித்தான். தொடக்கப் பாடலின் கோரஸ் இலத்தீன் இரங்கற்பா போல் ஒலிக்கிறது. உண்மையில் படக்குழுவினரின் பெயர்களைப் பின்னிருந்து முன்னாகப் பாடுகிறார்கள். அந்த விளையாட்டை அறிந்த பின்பும் மயிர்க்கூச்செறிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. நகரமன்ற உறுப்பினர் ஆர்தர் ரீவ்ஸின் பாத்திரம் தட்டையானது. குற்றக்கும்பல் தலைவர்கள் சாவதற்கென்றே வருகிறார்கள். ஆன்ட்ரியா எப்படி அந்தப் போர்த்திறனைப் பெற்றாள் என்பதற்குப் படம் அதிகம் மெனக்கெடவில்லை. அவளுடைய ஐரோப்பிய ஆண்டுகளைத் தனியாகச் சொல்லியிருந்தால் இதைவிடப் பெரிய கதை கிடைத்திருக்கும். புரூஸின் துயரத்துக்குக் கிடைத்த மழையும் கல்லறையும் அவளுடைய துயரத்துக்குக் கிடைக்கவில்லை. இது உண்மையான இழப்பு.

இருந்தும், 2005இல் வந்த கிறிஸ்டோஃபர் நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தோடு ஒப்பிடுகையில் எது ஆழம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நோலனின் படம் தேர்ந்த கைவினை. பயிற்சி எங்கே பெற்றான், அங்கியின் துணி எது, வாகனம் யாருடைய தயாரிப்பு என்று எல்லாவற்றுக்கும் அதில் விடை இருக்கிறது. பேட்மேன் எப்படிச் சாத்தியமாகிறான் என்பதை அது நம்பவைக்கிறது. அவன் சாத்தியமாகாமலே போயிருக்கலாம், அதுவே அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்ற எண்ணத்தை 1993இன் படம் நம் மனத்தில் விதைக்கிறது. பின்னதுதான் இலக்கியத்தின் வேலை.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறார் இலக்கியம் பேசும் நம் நண்பர்களில் பலர் குழந்தைக்குத் துயரத்தை மறைத்துத் தருவதையே அன்பு என்று கருதுகிறார்கள். பிறகு எட்டு வயதில் பாட்டி இறக்கும்போது அந்தக் குழந்தையிடம் ஒரு சொல்லும் இருப்பதில்லை. இந்தப் படம் குழந்தைக்குச் சொல்வது எளிமையானது. உனக்கு வேண்டியவர்கள் போய்விடலாம். நீ அழுதுகொண்டே கேட்டாலும் கல்லறை பேசாது. அப்போதும், யாரையும் கொல்லாமல் இருக்க உன்னால் முடியும். கடைசிக் காட்சியில் நகரத்தின் வானில் வௌவால் சின்னம் ஒளிர்கிறது, புரூஸ் கிளம்புகிறான். அங்கே கைதட்டத் தோன்றவில்லை எனில், படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறோம் என்று பொருள்.