மன்ட்டட், வோங்கி, கோணல்மாணல்

ஆக்லாந்தில் பிள்ளை வளர்க்கிறவர்கள் வீட்டுக்குள் இந்த வார்த்தை என்றைக்காவது ஒருநாள் வந்துவிடும்: மன்ட்டட். சைக்கிள் சக்கரம் வளைஞ்சா மன்ட்டட். குடை காத்துல திரும்பிக்கிட்டா மன்ட்டட். ஃபோன் கண்ணாடியில் விரிசல் விட்டாலும், சனிக்கிழமை கிரிக்கெட் முடிஞ்சு முட்டி வலிச்சாலும் அதுவும் மன்ட்டட்தான். நியூசிலாந்துக்காரர்களின் பேச்சு வழக்கு. 'இது இனி தேறாது' என்கிற தொனி அதில் உண்டு. 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். சாலை, கழிவுநீர்க் குழாய், தேவாலயம் என்று ஊரே உருக்குலைந்து கிடந்த அந்த மாதங்களில் இந்தத் தெருப்பேச்சு செய்திகளுக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அந்த வார்த்தை மேல கோபம் ஒண்ணும் இல்லை. ஆனா தமிழ்ப் பக்கம் நம்ம பிள்ளைகள் கையில் இருப்பதும் இதே மாதிரி ஒரே ஒரு சொல்தான்: 'உடைஞ்சுபோச்சு'. டிபன் பாக்ஸ் நசுங்கினாலும், கதவுக் கீல் கோணிக்கிட்டாலும், கம்மல் வளைஞ்சாலும் எல்லாம் உடைஞ்சுபோச்சு.

2020 செப்டம்பர் 18 ஞாபகம் இருக்கும். பலத்த காற்றில் ஒரு லாரி சாய்ந்து மோதியதில் ஹார்பர் பாலத்தின் இரும்புத் தாங்கி ஒன்று சேதமாகி, பாதி ஆக்லாந்து டிராஃபிக்கில் நின்றது. 'பாட்டி, பாலம் உடைஞ்சுபோச்சா?' என்று கேட்டாள் என் மகள். அம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: 'உடையலடி, நெளிஞ்சிருக்கு.' மதுரையில் பாத்திரம் தேய்த்து, ஒடுக்கு எடுத்து, ஈயம் பூசிக் குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வளைவது வேறு, நெளிவது வேறு. வில்லை நாம் வேண்டுமென்றே வளைக்கிறோம், விட்டால் நிமிர்ந்துவிடும். தகரம் நெளிந்தால் தட்டித்தான் எடுக்கணும். கோணுவது என்றால் நேர் தப்பிப் போவது. படச்சட்டம் சுவரில் கோணலாகத் தொங்கும், ஆனால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேலிருந்து பாரம் விழுந்தால் நசுங்கும். பக்கத்தில் இடி வாங்கினால் ஒடுக்கு விழும். கயிறு முறுக்கிக்கொள்ளும், கழுத்து சுளுக்கிக்கொள்ளும். எப்படி அடிபட்டது என்பதே சொல்லுக்குள் இருக்கிறது. சரிசெய்கிற ஆள் தெருவில் வந்த காலத்தில் இது அவசியம். இங்கே நாம் ஒடுக்கு விழுந்த சட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறோம், அதோடு 'ஒடுக்கு'ம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கார் மட்டும்தான். (இங்கே பேனல்பீட்டர் என்கிறவரை நம் ஊரில் டிங்கரிங் கடைக்காரர் என்போம். டிங்கர் என்றால் பழைய ஆங்கிலத்தில் பாத்திரம் அடைக்கிறவர். அவர்கள் சட்டியோடு விட்ட சொல்லை நாம் அம்பாசிடர் வரைக்கும் கொண்டுவந்தோம்.)

ஆங்கிலத்திலும் இந்த வகைச் சொற்களுக்குக் குறைவில்லை, எல்லாம் ஒரே குணமும் இல்லை. க்ரூக்டு என்றால் திருட்டுத்தனம் வந்துவிடும். வார்ப்ட் என்பதைப் பலகைக்கும் சொல்லலாம், புத்திக்கும் சொல்லலாம். ஆனால் வோங்கி என்பதில் ஒரு செல்லம் இருக்கு. அதற்கு இந்த ஊர்க்காரர் கிரெய்க் ஸ்மித்துக்கும் ஒரு பங்கு உண்டு. அவருடைய 'வோங்கி டாங்கி' 2009-இல் வந்த படப்புத்தகம். 2018-இல் ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டி பேரனுக்கு அதைப் படித்துக் காட்டிச் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. மூணு கால் கழுதை. நொண்டும், ஆனா நடக்கும்.

இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் இருக்கு. போன வருஷம் மதுரையிலிருந்து சித்தி ஃபோனில் பேசும்போது என் மகள் கொஞ்ச நேரம் திணறிவிட்டு, 'சாரி, என் தமிழ் மன்ட்டட்' என்றாள். சித்திக்குப் புரியவில்லை. 'என்னடா சொல்றா?' என்று என்னைக் கேட்டார். மொழிபெயர்க்கணும். உடைஞ்சுபோச்சு என்றா? நசுங்கிப்போச்சு என்றா? ஒன்பது வயசுப் பிள்ளை தன் நாக்கைப் பற்றி 'இனி தேறாது' என்று சொல்லியிருக்கிறாள், அதை நான் அப்படியே கடத்தவில்லை. 'தமிழ் கோணல்மாணலா வருதாம் சித்தி' என்றேன். 'வரட்டுமே! கோணல்மாணலாத்தானே எல்லாரும் கோலம் போடப் பழகுறோம்' என்றார் அவர். மகளுக்குக் கோலம் கண்ணில் பட்டதோ இல்லையோ, கோணல்மாணல் பிடித்துவிட்டது. வோங்கி டாங்கி மாதிரியே எதுகையோடு இருக்குன்னு நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கோணல் என்பதே நம்மிடம் வசவாகவும் இருப்பது உண்மைதான். கோணல் புத்தி என்போம். நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். ஆங்கிலமும் விதிவிலக்கில்லை: ராங் என்ற சொல்லுக்கு ஸ்காண்டிநேவிய மூலத்தில் 'வளைந்தது' என்றே பொருள். பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் மாவோரி மொழியில் 'டிகா' என்றால் நேர், சரி, இரண்டும். 'டிகாங்கா', அதாவது முறை, வழக்கம், அதிலிருந்து பிறந்தது. மூன்று மொழியிலும் நேர்தான் நியாயம். வள்ளுவர் மட்டும் 279-ஆம் குறளில் திருப்பிப் போட்டுவிட்டார்: நேரான அம்பு கொல்லும், வளைந்த யாழ் இனிமை தரும், செயலைப் பார்த்து எடைபோடு என்கிறார். மாவோரிகளும் சுருண்ட இளம் பெரணியைப் 'பிகோபிகோ' என்று சொல்லிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். 'பிகோ' என்றால் வளைவு.

கடைசியா ஒண்ணு, ஸ்பெல்லிங் லிஸ்ட்டோடு மல்லுக்கட்டுகிற வீடுகளுக்கு. ராங், ரிஸ்ட், ரென்ச், ரிங்கிள் எல்லாவற்றுக்கும் முன்னாடி ஒரு ஊமை டபிள்யூ வருதே, அதை ஒரு காலத்தில் உச்சரித்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் திரும்புவது, முறுக்குவது சம்பந்தப்பட்ட சொற்கள்தான். ஈரத் துண்டைப் பிள்ளை கையில் கொடுத்து முறுக்கிப் பிழியச் சொல்லுங்க. அதுவும் ரிங்தான், டபிள்யூ போட்ட ரிங். எங்க வீட்டில் அந்த வாரம் டபிள்யூ விட்டுப்போகவில்லை. 'முறுக்கு' என்றால் தின்பது மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. அதற்கப்புறம் தீபாவளிக்கு அம்மா கை முறுக்கு சுற்றும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு சுற்றுக்கு மேல் போகாத நாலு முறுக்கு போட்டாள்.